முதுகு காட்டி நிற்கிறவர்

வேடந்தாங்கல்
10-5-98

கேசவனுக்கு அக்கா வேண்டா எழுதுவது.

மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் இருந்தவர்கள்: நான். என் மகன் பூபாலன். மருமகள் ஹெலன். பேத்தி ரோகிணி, மொட்டைத் தலையோடு. தம்பி என்று சொல்லிக்கொள்கிற நீ. உன் பெண்சாதி செல்லம்மா. பக்கத்து வீட்டு ராமதாஸ். வேன் ஓட்டி வந்த சீனு. அப்புறம் பூபாலனுடைய அப்பா. இத்தனை பேர்தான். கூட ஒருத்தர் கிடையாது, குறைய ஒருத்தர் கிடையாது.

யார் எங்கே இருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பூபாலன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பலூன் வாங்கப் போயிருந்தான். ஹெலனும் செல்லம்மாவும் புடவை மாற்றப் போயிருந்தார்கள். ராமதாஸும் சீனுவும் வேனில் தூக்கம். நீ மேட்டு மணலில் எல்லார் துணிக்கும் காவல், வாயில் புகையிலை. தண்ணீரில் இருந்தது நாங்கள் இரண்டு பேர். நான் கணுக்கால் அளவில், அவர் இடுப்பளவில். தண்ணி உள்ளே இழுக்குது, வெளியே வாங்க என்று போலீஸ்காரர் விசில் ஊதினார். நான் கூப்பிட்டேன். ஏங்க என்றேன். யோவ் என்றேன். பூபாலன் அப்பா என்றேன். ஏங்க என்றதற்கு அந்தக் கரையில் நூறு ஆம்பளை திரும்பிப் பார்த்தான். அவர் திரும்பவில்லை. எனக்கு முதுகைக் காட்டியபடியே நின்றார். தோள் மட்டும் குலுங்கியது. குளிர் போல என்று நினைத்தேன். அடுத்த அலை வந்து போனபோது அந்த இடத்தில் ஆள் இல்லை. மூன்றாம் நாள் கோவளத்தில் ஒதுங்கினார். இப்போது நீ மகள் வீட்டில் குந்தியிருக்கிறாயே, அதே கோவளம்.

பேர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று நம் அம்மா சொல்லி வைத்தாள். நாற்பது வருஷம் அவர் பேர் என் வாயில் வந்ததில்லை. அன்றைக்குச் சொல்லியிருந்தால் திரும்பியிருப்பாரா? நான் கூப்பிட்டது அவர் காதில் விழுந்ததா, இல்லை அலைச் சத்தத்தில் கரைந்துவிட்டதா? சோறு இறங்கும்போதும் எனக்கு இதே நினைப்புதான். இதை நான் உன் ஒருவனிடம்தான் சொன்னேன்.

அதை நீ கருமாதிக் கூத்தில் என்ன செய்தாய்? நீ கட்டியக்காரன், சிரிக்க வைக்கிறது உன் வேஷம், தெரியும். அதற்காக? புடவை கட்டி முக்காடு போட்டு, என்னைப் போலவே வலது காலைச் சாய்த்து நடந்து வந்தாய். எமதூதன் வேஷக்காரன் கேட்டான்: "ஏம்மா, உம் புருசன் எங்க லோகத்துல வந்து குந்திகினு கீறான். பேர சொன்னா திருப்பி அனுப்பிடறோம். இன்னா பேரு?"

நீ முந்தானையைக் கடித்தாய். "ஐயே, அத்த எப்படி என் வாயால சொல்றது?"

"ராமதாஸா?"

"ராமதாஸு பக்கத்து வூட்டுக்காரருய்யா!"

"அந்தப் பேரு மட்டும் நல்லா வருதே வாயில. சரி, அவரையே வச்சிக்கோ!"

ஊரே சிரித்தது. ராமதாஸ் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். அவர் பெண்சாதி சிரிக்கவில்லை, அன்றிலிருந்து என்னிடம் பேசுவதும் இல்லை. ஹெலன் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மூடினால் எனக்குத் தெரியாதா. நடுவில் நான் வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருந்தேன்.

சிரிப்புக்கு ஒரு எல்லை இல்லையா கேசவா? இனி எந்த ஊரிலும் அதை ஆடாதே.

செல்லம்மா முட்டிவலி எப்படி இருக்கிறது? வேப்பெண்ணெய் தடவச் சொல். உன் மருமகன் வலைக்கு மீன் படுகிறதா? நீ நன்றாகத்தான் இருப்பாய், கேட்கவில்லை.

மறக்காத அக்கா,
வேண்டா


கோவளம்
28-5-98

அன்புள்ள அக்காவைக் கேசவன் கும்பிட்டு எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் சுகம். செல்லம்மாவுக்கு முட்டி தேவலை. கடலில் இப்போது மீன் சுமார். உன் உடம்பும் மனசும் எப்படி?

கோபத்திலும் கடிதம் போட்டாயே, அதுவே போதும். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். கட்டியக்காரன் ராஜாவைக் கிண்டல் பண்ணலாம். சாமியைக் கிண்டல் பண்ணலாம். கூத்து வைத்த ஊர்ப் பெரியவரை அவர் முன்னாலேயே கிண்டல் பண்ணலாம். செத்த வீட்டை மட்டும் தொடாதே என்றால் கருமாதிக்கு எங்களை ஏன் கூப்பிடுகிறார்கள்? அழுது வீங்கின முகம் அன்றைக்குத்தான் முதல் தடவை சிரிக்கும். அதற்குத்தான் கூப்பிடுகிறார்கள். அப்பா கருமாதியில் நான் அவர் இருமலை இருமிக் காட்டியபோது முதல் வரிசையில் விழுந்து விழுந்து சிரித்தது யார்? நீதான். அது அப்பா, இது என் புருஷன் என்கிறாய். அவரவர் வீட்டைச் சுற்றி மட்டும் வேலி போட்டுக்கொண்டால் என் போன்றவன் எங்கே போய் ஆடுவது?

மாமா இருந்திருந்தால் அவர்தான் முதலில் கைதட்டியிருப்பார். உன்னை அவரை விடவா நான் கிண்டல் பண்ணிவிட்டேன்? கல்யாணப் பந்தியில் "எம் பேர சொல்லு, அப்பதான் கை நனைப்பேன்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாரே. நீயும் சொல்லவில்லை, அவரும் சாப்பிடவில்லை. இலை காய்ந்தது. ஜனம் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைக்கவில்லை. கூத்தில் அந்த இடத்தை இப்போது எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். உத்திரமேரூரில் நான் வேஷம் கட்டி வந்ததுமே, "பேர் சொல்லாத பொம்பளய கூப்டுடா" என்று கூச்சல். உன் பேரோ மாமா பேரோ எங்கேயும் நான் எடுப்பதில்லை. வெளியூரில் யாருக்கு என்ன தெரியும்?

பூபாலனுக்கும் ஹெலனுக்கும் ஆசி. குழந்தைக்கு முத்தம்.

உன் தம்பி,
கேசவன்


வேடந்தாங்கல்
14-6-98

கேசவனுக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன்.

எனக்கு முன்னால் நாலும் பெண். ஐந்தாவதாக நான் வந்ததும் வேண்டா என்று பேர் வைத்தார்கள். அதற்கு அப்புறம்தான் நீ பிறந்தாய். என் பேரைக் கூலியாகக் கொடுத்து வாங்கின தம்பி நீ. அந்தத் தம்பி எனக்கு வேலியைப் பற்றிப் பாடம் எழுதுகிறாய். இதையும் வைத்துக்கொள்கிறேன்.

போன வியாழக்கிழமை நீ எங்கேயாவது ஆடினாயா? அந்த இடத்தை ஆடினாயா? இதற்கு மட்டும் பதில் எழுது. ஏன் என்று கேட்காதே.

மாடு சினையாக இருக்கிறது. ஏரியில் தண்ணீர் அடிமட்டம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. வாசலில் மட்டும் ஈரம்.

வேண்டா


கோவளம்
22-6-98

அக்காவுக்குக் கேசவன் வணக்கம்.

யாவரும் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

ஆமாம், வியாழக்கிழமை அச்சிறுப்பாக்கத்தில் ஆடினேன். அந்த இடத்தையும் ஆடினேன். உனக்கு யார் சொன்னது? சீனு வேன் கொண்டுவந்திருந்தானோ?

வாசலில் ஈரம் என்றால் தெரு நாயைக் கேள் அக்கா, என்னைக் கேட்டால்? சும்மா சொன்னேன், கோபிக்காதே.

அன்றைக்கு ஒரு வேடிக்கை. எமதூதன் "இன்னா பேரு" என்று கேட்பான், நான் முந்தானையைக் கடிப்பேன், ஜனம் அப்புறம்தான் சிரிக்கும். அதுதான் கணக்கு. அச்சிறுப்பாக்கத்தில் எமதூதன் வாயைத் திறக்கும் முன்னாலேயே பின்னாலிருந்து ஒரு ஆள் சிரித்தான். மூச்சை உள்ளே இழுத்து, அப்புறம் மூக்கால் விடுகிற சிரிப்பு. அந்த மாதிரிச் சிரிக்கிறவர் நமக்குத் தெரிந்து ஒருத்தர்தான் இருந்தார், இல்லையா? உலகத்தில் ஒரே மாதிரிச் சிரிக்கிறவர்கள் இல்லாமலா போவார்கள் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

செல்லம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

கேசவன்


வேடந்தாங்கல்
9-7-98

தம்பி கேசவனுக்கு அக்கா எழுதுவது. இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை. அங்கே எல்லாரும் சுகமாக இருங்கள்.

இப்போது சொல்கிறேன். சாணி தெளிக்கக் கதவைத் திறக்கிறேன், படிக்குக் கீழே இரண்டு பாதம். ஈரம். ஈரத்தில் மணல் ஒட்டியிருக்கிறது. எங்கள் ஊர் மண்ணை உனக்குத் தெரியும், களி. இது வெள்ளை மணல், கிளிஞ்சல் பொடி மின்னுகிற மணல். விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. இங்கிருந்து கடல் எங்கே, சொல்லு.

வந்த தடம் இல்லை. போன தடமும் இல்லை. அந்த இரண்டு பாதம்தான். குதிகால் எங்கள் கதவைப் பார்த்து இருக்கிறது, விரல் தெருவைப் பார்த்து. கதவுக்கு முதுகைக் காட்டி ஒரு ஆள் நின்றிருக்கிறார். இடது கால் சுண்டு விரல் பதியவில்லை. அறுப்பில் அரிவாள் பட்டு அந்த விரல் யாருக்குப் போனது என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

நான்தான் பைத்தியம் என்றால் ஹெலனைக் கேள். கூட்டித் தள்ளினாள். மறுபடி நீ எங்கோ ஆடின அன்றைக்கு மறுபடி இருந்தது. செய்யூர், திருக்கழுக்குன்றம், இரண்டு ஊரும் சீனு சொல்லித் தெரியும். இரண்டு நாளும் நான் சரியாகக் குறித்து வைத்திருக்கிறேன், மனசில்தான். ஹெலன் நிலைக்கு மேலே சிலுவை போட்டாள். "அத்தே, உள்ள வர்ற தடம்னா பயப்படலாம். இது போற மாதிரியும் இல்ல, வர்ற மாதிரியும் இல்லியே" என்றாள். பூபாலன் கல்பாக்கம் வேலைக்குப் போகிறவன், படித்தவன், "மழ பேஞ்சிருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் பார்க்காமல் தாண்டிப் போனான். தாண்டித்தான் போனான், மிதிக்கவில்லை.

செத்தவரை நீ கேலி பண்ணி எழுப்பி விடுகிறாய். என் வாசலில் கொண்டு வந்து நிறுத்துகிறாய். விட்டுவிடு கேசவா. அதட்டவில்லை, கேட்கிறேன்.

அக்கா


கோவளம்
2-8-98

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? நான் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

உன் கடிதம் வந்த பிறகு மதுராந்தகம் பக்கத்தில் ஒரு ஊரில் அந்த இடத்தை விட்டுவிட்டு ஆடலாம் என்று எமதூதன் வேஷக்காரனிடம் சொல்லி வைத்தேன். அவனும் சரி என்றான். வேறு ஏதோ சிரிப்புப் பேசி ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். எப்போது முக்காடு போட்டேன், தெரியாது. அவன் முழிக்கிறான், நான் பாட்டுக்குப் பேசுகிறேன். நான் கட்டாத வசனம் எல்லாம் வருகிறது. சபை உருண்டு சிரிக்கிறது. இவ்வளவு சிரிப்பு என் ஆயுசில் வாங்கியதில்லை. வேஷம் கலைத்தபோது பார்த்தேன், புடவை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. காய்ந்ததும் கரையெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்தது. செல்லம்மா அலசிப் போட்டாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயம்.

எதை வேண்டுமானாலும் சிரிக்கலாம் என்று உனக்கு எழுதினேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் யார் சிரிக்க வைக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? அன்றைக்கு அது நான் இல்லை.

இத்தோடு நிறுத்திவிட்டேன். கூத்துக்கே போகவில்லை, கால்வலி என்று சொல்லிவிட்டேன். பதில் போடு.

கேசவன்


கோவளம்
11-10-98

அக்காவுக்குக் கேசவன் எழுதுவது.

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சுகமா இல்லையா என்றாவது எழுதக்கூடாதா? திட்டியாவது எழுது. நீ திட்டாமல் இருந்தால் எனக்கு என்னவோ செய்கிறது.

பூபாலன் போன வாரம் வேலை விஷயமாக வந்தவன் எட்டிப் பார்த்தான். நீ பொழுது சாய்ந்தால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிலைப்படிக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறாயாம். தெருவைப் பார்த்தபடி. யார் வந்து பேசினாலும், "கொஞ்சம் நவுந்து நில்லு, மறைக்காத" என்கிறாயாம்.

ஆடவில்லை அக்கா. மழைக்காலம், இனி எப்படியும் கூத்து கிடையாது. நீ என்னிடம் சொன்னதை ஊருக்கு ஆடினது தப்பு. வேலி அது இது என்று எழுதினதை மறந்துவிடு. உனக்கு மறக்க வராது, தெரியும். மன்னித்தாவது விடு.

ஒரே ஒரு வரி போடு.

கேசவன்


வேடந்தாங்கல்
20-11-98

அன்புத் தம்பி கேசவனுக்கு அக்கா வேண்டா ஆசியுடன் எழுதுவது. அன்பு என்று எழுதியிருக்கிறேன், பார்த்தாயா. செல்லம்மாவுக்கும் மகள் மருமகனுக்கும் என் விசாரிப்பு.

மழை நல்ல மழை. ஏரி ரொம்பிவிட்டது. பறவை எல்லாம் வந்துவிட்டது. காலையில் பார்க்க வருகிற ஜனத்துக்கு ஹெலன் இட்லி போட்டு விற்கிறாள். மாடு கன்று போட்டது, கிடேரி.

நீ ஆடுவதை நிறுத்தியதிலிருந்து வாசல் காய்ந்து கிடக்கிறது. சுற்றி ஊரெல்லாம் ஈரம், என் படிக்குக் கீழே மட்டும் காய்ந்திருக்கிறது.

நீ ஆட வேண்டும் கேசவா. எங்கள் ஊரிலேயே ஆட வேண்டும். காணும் பொங்கலன்று சாயங்காலம். ஊரில் பேசிவிட்டேன். ராமதாஸிடமும் கேட்டேன், "எம் பேர்தான ஏற்கெனவே நாறிப்போச்சே, ஆடச் சொல்லு" என்றார். நல்ல மனுஷன்.

என்ன இவள், அன்றைக்கு ஆடாதே என்றாள், இன்றைக்கு ஆடு என்கிறாள் என்று நினைப்பாய். கருமாதிக்கு முன்னாலிருந்து நான் ஒப்பாரி வைத்தேன். தொண்டை கட்டுகிற வரைக்கும் வைத்தேன். அதற்கு அவர் வரவில்லை. நீ சிரிக்க வைத்தாய், வந்தார். வந்தவர் என்னிடம் பேசவில்லை, முதுகைக் காட்டி நிற்கிறார். உன் வாயில்தான் பேசுகிறார் போல் இருக்கிறது. எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, உனக்குத் தெரியும் எது என்று. அன்றைக்கு என் குரல் விழவில்லை என்று அவர் சொல்லிவிட்டால் போதும். அலைச் சத்தம், கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை. நான் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கிவிடுவேன்.

ஒன்று சேர்த்துக்கொள். துண்டை அவர் தோளில் போடமாட்டார், இடுப்பில் இரண்டு சுற்று சுற்றித்தான் கட்டுவார். தண்ணீருக்குள் போகும்போதும் அப்படித்தான் போனார். அதைச் சரியாகச் செய்.

பயப்படாதே. நான் முன் வரிசையில் இருப்பேன்.

அக்கா


கோவளம்
24-1-99

அன்புள்ள அக்காவுக்கு,

ஊருக்கு வந்து சேர்ந்தோம். காய்ச்சல் இன்று விட்டது. உன் சுகத்துக்கு எழுது.

காணும் பொங்கலன்று என்ன நடந்தது? எனக்குப் பாதிதான் தெரியும். வெயில் தாழ்ந்து கூத்து ஆரம்பித்தது, ஊரே உட்கார்ந்திருந்தது, நீ ரோகிணியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால். புடவைக்கு மேலே துண்டை நீ சொன்ன மாதிரி இடுப்பில் இரண்டு சுற்று சுற்றினேன். அதற்கே சபை சிரித்தது. எமதூதன் "இன்னா பேரு" என்றான். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். அப்புறம் காதெல்லாம் இரைச்சல், வாயெல்லாம் உப்பு.

செல்லம்மாவைக் கேட்டேன். நீ கூட்டத்தில் எழுந்து நின்று ஏதோ கேட்டாயாம். நான் சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுவிட்டேனாம். தோள் குலுங்கியதாம். அவள் நான் அழுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். அப்புறம் நான் ஏதோ சொன்னேனாம், சிரிப்புச் சத்தத்தில் அவளுக்கு விழவில்லையாம். நீ குழந்தையை ஹெலனிடம் கொடுத்துவிட்டு நடந்து போய்விட்டாயாம். வேஷம் கலைத்து உன் வீட்டுக்கு வந்தேன், கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். உள்ளே நீ இருந்தாய், மூச்சுக் கேட்டது. திறக்கவில்லை.

நான் என்ன சொன்னேன் அக்கா? ராமதாஸைக் கேட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார். "சூப்பர்டா கேசவா, அந்த ஒரு வார்த்தைக்கே டப்பு கொடுக்கலாம்" என்கிறார். எந்த வார்த்தை என்றால், நீ சொன்னதுதானே என்கிறார்.

நான் எல்லை தாண்டிவிட்டேனா? எழுது. இல்லாவிட்டால் நானே நேரில் வருகிறேன்.

கேசவன்


வேடந்தாங்கல்
3-3-99

அன்புத் தம்பி கேசவனுக்கு அக்கா வேண்டா எழுதுவது. இங்கே நான், பிள்ளைகள், குழந்தை, கன்றுக்குட்டி எல்லாம் சுகம். உன் காய்ச்சலுக்குச் சுக்குக் கஷாயம் வைத்துக் குடி. நேரில் வர வேண்டாம். எழுதிவிடுகிறேன்.

எமதூதன் பேர் கேட்டதும் நான் எழுந்தேன். "நான் கூப்ட்டது காதுல வுழுந்துச்சா?" என்று கேட்டேன். அது கூத்தில் ஒரு பாகம் என்று நினைத்து ஜனம் சிரித்தது. நீ திரும்பி நின்றாய். முக்காடு நழுவிவிட்டது. அது உன் முதுகு இல்லை. உன் முதுகு கூன் விழுந்தது, இது நேராக இருந்தது. தோள் குலுங்கியது. அப்புறம் உன் வாயிலிருந்து, உன் குரல் இல்லாமல் வந்தது:

"வுழுந்துச்சு. மூணு தபாவும் வுழுந்துச்சு. பேர சொல்லி கூப்டட்டும், அப்பால திரும்பறேன்."

அதற்குத்தான் ராமதாஸ் கண்ணைத் துடைத்தார். நல்ல தமாஷ்தான். ஊரில் எல்லாரும் சிரித்தார்கள்.

அழுகை இல்லை கேசவா. குளிரும் இல்லை. அன்றைக்குத் தண்ணீரில் நின்று அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பந்தியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாரே, அதே விளையாட்டு. அதற்கு அப்புறமும் விட்டாரா? சோறு போட்டால் திரும்பி உட்காருவார். பஸ் வந்துவிட்டது என்று கூப்பிட்டால் முதுகைக் காட்டி நிற்பார். இரண்டு தடவை பஸ்ஸே போய்விட்டது. என் பேரை மட்டும் சந்தையில் நின்று, "வேண்டா! ஏ வேண்டா!" என்று ஊர் சிரிக்கக் கூவுவார். தன் பேரை என் வாயால் ஒரு தடவை வாங்கிவிட வேண்டும். அதுவும் மாசி மகத்துக் கூட்டத்தில், கடலுக்கு முன்னால். அதற்காக விசில் கேட்டும் நின்றார். நான் கத்தினது கேட்டும் நின்றார். அவர் ஆயுசுக்காகத்தான் நான் அந்தப் பேரை வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

எல்லை தாண்டிவிட்டேனா என்று கேட்டாய். நீ என்ன கேலி பண்ணினாலும் கூத்து முடிந்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டு என் கதவைத் தட்ட வருகிறாய். கலைத்துவிட்டு வருகிறவன் கேலியை நான் பொறுத்துக்கொள்வேன். அவர் இன்னும் கலைக்கவில்லை.

நேற்று மாசி மகம். நீ எங்கேயும் ஆடவில்லை. ஆனாலும் விடிந்ததும் இருந்தது. குதிகால் என் பக்கம். இந்தத் தடவை தடம் மட்டும் இல்லை. ஈரத் துண்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தமும் கேட்டது. கதவைத் திறந்தபடி வைத்து, நான் நிலைப்படிக்கு உள்ளே நின்றேன். கை நீட்டினால் தொடலாம். மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். நான் கூப்பிடப் போகிறேன் என்று காத்திருக்கிறார். கூப்பிட்டால் திரும்புவார். திரும்பினால் எந்த முகத்தோடு திரும்புவாரோ, கோவளத்தில் நான் பார்த்த முகத்தோடா. அதற்குப் பயந்து நான் கூப்பிடாமல் இல்லை. எனக்கு மனசில்லை. சாணி வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். நிற்கட்டும்.

நீ அந்த இடத்தை ஆடு. ராமதாஸ் பேரை மட்டும் எடுத்துவிடு. அவர் பெண்சாதி இன்னும் எனக்கு மோர் தருவதில்லை.

உன்னை மன்னித்தேன், என் அழுகையை எடுத்து ஆடினதற்கு. செல்லம்மாவையும் ஹெலனையும் மன்னித்தேன், அந்த நேரம் பார்த்துப் புடவை மாற்றப் போனதற்கு. ஹெலன் கருமாதியில் சிரித்ததற்குத் தனியாக மன்னித்தேன். பூபாலனை மன்னித்தேன், பலூனுக்காக. ராமதாஸையும் சீனுவையும் அவர்கள் தூக்கத்துக்காக மன்னித்தேன். குழந்தையிடம் மன்னிக்க ஒன்றும் இல்லை. எனக்குப் பேர் வைத்த அப்பாவைக்கூட விட்டுவிட்டேன்.

அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் மிச்சம் ஒருத்தர். அவரை மாட்டேன். அவர் பேரை வாயால் சொல்ல மாட்டேன், வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். எழுதினால் சத்தம் கேட்காது. அதனால் நாற்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக எழுதுகிறேன். நீயும் வாய்விட்டுப் படிக்காதே.

உலகநாதன்.